காம்பவுண்ட் வில்லில் 240 கிரெய்ன் அம்பு போடலாமா? எடை, வேகம், விதி பற்றி ஒரு சந்தேகம்

போரூர்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில் படித்துக்கொண்டே காம்பவுண்ட் (இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில்) பழகுகிறேன். வில்லின் இழுவிசை 50 பவுண்டு, ட்ரா லெங்த், அதாவது நாணை இழுக்கிற நீளம், 27.5 அங்குலம். இப்போது போடுகிற அம்பு பாயின்ட் (முனை), நாக் (நாணில் மாட்டுகிற பின்முனை), வேன் (பின்பக்க இறகு) எல்லாம் சேர்த்து 340 கிரெய்ன், அதாவது 22 கிராம் வருகிறது. எங்கள் மைதானத்துக்கு வருகிற ஒரு சீனியர் அண்ணன், நன்றாக அடிப்பவர்தான், என் அம்பை வாங்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கனம் எதுக்குடா, லைட் ஷாஃப்ட் (அம்பின் தண்டு) வாங்கு, பாயின்டைக் குறை, மொத்தம் 240க்குக் கொண்டுவா, அப்புறம் பார் என்கிறார். அவர் கணக்குப்படி இப்போது வினாடிக்கு 255 அடி போகிற அம்பு 300ஐ நெருங்குமாம்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு டஜன் ஷாஃப்ட் வாங்குவது என் பாக்கெட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை. வாங்கின பிறகு போட்டியில் இது செல்லாது என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டால் வீட்டில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் முதலிலேயே கேட்கிறேன். போட்டியில் அம்புக்குக் குறைந்தபட்ச எடை என்று ஏதாவது இருக்கிறதா? வேகத்துக்கு உச்சவரம்பு உண்டா, மெஷின் வைத்து அளப்பார்களா? யூடியூபில் ஒருத்தர் 280 என்கிறார், இன்னொருத்தர் 300 என்கிறார், மூன்றாமவர் வரம்பே கிடையாது என்று அடித்துச் சொல்கிறார்.

இன்னொன்று. வில்லை மேலே தூக்கி இழுத்துக்கொண்டே கீழே இறக்குவது என் பழக்கம், அதுதான் தோளுக்குச் சுலபமாக இருக்கிறது. இதற்காகக் கோச் சார் என்னை லைனிலிருந்து இறக்கிவிட்டார். போட்டியிலும் இதற்குத் தடை உண்டா, இல்லை இது அவருடைய சொந்தக் கண்டிப்பா?


மூன்று_விசில்:

தம்பி, அந்த மூன்று பேரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள், ஆளுக்கொரு ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் நடுவராக நிற்பவன் என்பதால் எழுதுகிறேன்.

நீ ஆடுவது வேர்ல்ட் ஆர்ச்சரி விதிப்படி நடக்கிற டார்கெட் போட்டி. காம்பவுண்டுக்கு 50 மீட்டர், 80 சென்டிமீட்டர் முகம், அதாவது டார்கெட் தாள். இந்த விதிப் புத்தகத்தில் அம்புக்குக் குறைந்தபட்ச எடை கிடையாது, வேகத்துக்கு வரம்பும் கிடையாது, வேகம் அளக்கிற குரோனோகிராஃப் வைத்துக்கொண்டு யாரும் உன் பின்னால் வந்து நிற்க மாட்டார்கள். இருக்கிற வரம்பு வில்லுக்கு. காம்பவுண்டின் உச்ச இழுவிசை 60 பவுண்டைத் தாண்டக் கூடாது, அதைத் தராசில் மாட்டி இழுத்துப் பார்ப்போம். உன்னுடையது 50, கவலை இல்லை.

அம்பில் நாங்கள் பார்ப்பது வேறு. ஷாஃப்டின் விட்டம் 9.3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், பாயின்ட் 9.4 வரை போகலாம். ஒவ்வொரு அம்பிலும் உன் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும், பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். காலையில் ஆய்வு மேசைக்கு வந்து நின்றுகொண்டு மார்க்கர் கடன் கேட்பவர்களைப் பார்க்காத போட்டியே இல்லை. ஒரே எண்டில் (ஒரு சுற்றில்) அடிக்கிற அம்புகளுக்கு வேனும் நாக்கும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி இருக்க வேண்டும். நாலு மஞ்சள், ரெண்டு பச்சை என்று கலந்துகட்டி வரக் கூடாது. விளக்கு எரிகிற நாக் கூடாது. அப்புறம் அம்பு டார்கெட் முகத்தையோ அதைத் தாங்குகிற பட்ரஸையோ தேவையில்லாமல் கிழிக்கக் கூடாது.

280, 300 எல்லாம் அமெரிக்க அமைப்புகளின் கணக்கு. அங்கே என்.எஃப்.ஏ.ஏ. என்ற சங்கம் வினாடிக்கு 300 அடி என்று வைத்திருக்கிறது. ஐ.பி.ஓ. என்பது 3டி ஆட்டம், காட்டுக்குள் ரப்பர் மான், ரப்பர் பன்றி என்று வைத்திருப்பார்கள். அங்கே வில்லின் இழுவிசையில் ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்ன் என்று அம்புக்குக் குறைந்தபட்ச எடை உண்டு, சில பிரிவுகளில் 280 என்ற வேக வரம்பும் உண்டு. காரணம் இருக்கிறது. 3டியில் பல பிரிவுகளில் தூரத்தைச் சொல்ல மாட்டார்கள், கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். அம்பு எவ்வளவு வேகமோ அவ்வளவு நேராகப் போகும், தூரத்தைத் தப்பாக மதிப்பிட்டாலும் தப்பித்துக்கொள்ளலாம். வரம்பு வைக்காவிட்டால் எல்லாரும் எடையைக் குறைத்துக்கொண்டே போவார்கள், ஒருநாள் லைனிலேயே வில் தெறிக்கும்.

இந்தக் குழப்பத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்டோர் சீசனில் வளையக் கோட்டைத் தொட்டாலே பெரிய ஸ்கோர் கிடைக்கும் என்று தடிமனான அலுமினிய அம்பு வாங்குவார்கள். அதில் 2315 என்று எண் போட்டிருந்தால் விட்டம் 64இல் 23 பங்கு அங்குலம், ஏறக்குறைய 9.1 மில்லிமீட்டர், நம் விதிக்குள் வரும். 27இல் ஆரம்பிக்கிற எண் என்றால் 10.7 மில்லிமீட்டர். அமெரிக்காவில் அதை வைத்து ஆடலாம், இங்கே விட்டம் பார்க்கிற அளவு வளையத்துக்குள்ளேயே நுழையாது. வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பாவிடம் அம்பு வாங்கி வரச் சொல்கிறவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உன் கடைசிக் கேள்வி. கோச் செய்தது நூற்றுக்கு நூறு சரி, அது அவருடைய சொந்தக் கண்டிப்பு இல்லை. வில்லை இழுக்கும்போது தவறி அம்பு விடுபட்டால் அது பாதுகாப்புப் பகுதியையோ வலையையோ சுவரையோ தாண்டிப் போகும்படியான எந்த முறையிலும் இழுக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. நடுவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்தாலே போதும், அம்பு நிஜமாகப் போக வேண்டும் என்றில்லை. கணக்குப் போட்டுப் பார். வினாடிக்கு 90 மீட்டர் போகிற அம்பு 10 டிகிரி மேல் நோக்கி இருக்கும்போது ரிலீஸின் (நாணைப் பிடித்து விடுகிற கருவி) ட்ரிகர் விழுந்துவிட்டது என்று வை. காற்றின் தடையே இல்லாவிட்டால் 280 மீட்டர் போகும், தடையைக் கழித்தாலும் 200 மீட்டர் அளவுக்குப் போகும். உன் டார்கெட் 50இல் இருக்கிறது. சென்னையில் எந்த மைதானத்துக்குப் பின்னால் 150 மீட்டர் ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடக்கிறது, சொல்லு பார்க்கலாம். காம்பவுண்ட் ரிலீஸ் கன்னத்தில் பட்டு, தோளில் பட்டு எப்போது வேண்டுமானாலும் விழும், அதனால் டார்கெட் உயரத்திலேயே இழுக்கப் பழகு. முடியவில்லை என்றால் பவுண்டைக் குறை, வெட்கப்பட ஒன்றும் இல்லை.


ஆலந்தூர்_ட்யூனிங்:

விசில் சார் விதியைச் சொல்லிவிட்டார். நான் வில்லின் பக்கம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் விதி அனுமதிக்கிறது என்பதால் வில் அனுமதிக்கும் என்று அர்த்தம் இல்லை. ஸ்ட்ரிங் (நாண்) கட்டுவது, கேம் என்கிற சக்கரங்களின் டைமிங் பார்ப்பது எல்லாம் செய்து தருகிறவன் நான், உடைந்து வருகிற வில்களைக் கையில் வாங்குகிறவன்.

240ஐ 50ஆல் வகுத்தால் 4.8. ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் கீழே போகாதே என்று பெரும்பாலான காம்பவுண்ட் கம்பெனிகள் வில்லோடு வருகிற சின்னப் புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள், அந்தப் புத்தகத்தை யாரும் பிரிப்பதில்லை. உன் வில்லுக்கு 250தான் தரை. அதற்குக் கீழே போய் ஏதாவது ஆனால் வாரன்டி கேட்டுப் போக முடியாது.

ஏன் தரை என்று ஒன்று இருக்கிறது? நீ இழுத்து வைக்கிற ஆற்றல் முழுவதும் அம்போடு போய்விடுவதில்லை. தோராயமாக உன் வில்லில் 80 ஜூல் சேர்கிறது என்று வைத்துக்கொள். 340 கிரெய்ன் அம்பு 22 கிராம், வினாடிக்கு 78 மீட்டர் போனால் அது 67 ஜூல் எடுத்துக்கொண்டு போகிறது. மிச்சம் 13 ஜூல் வில்லிலேயே தங்கி லிம்ப் (வில்லின் வளைகிற கை), கேம், கேபிள், உன் முழங்கை என்று எல்லாவற்றையும் உலுக்குகிறது. 240 கிரெய்ன் அம்பு 15.5 கிராம், வினாடிக்கு 90 மீட்டர் போனாலும் 63 ஜூல்தான் எடுக்கும். மிச்சம் 17. ஒவ்வொரு அடிக்கும் வில் வாங்குகிற உதை முப்பது சதவீதம் கூடிவிட்டது. அம்பே இல்லாமல் விட்டால், அதாவது டிரை ஃபயர், 80ம் வில்லுக்கே. டிரை ஃபயர் ஆன வில்லில் கேபிள் கேமை விட்டு வெளியே வந்து தொங்கும், கேமின் விளிம்பு வளைந்திருக்கும், லிம்பில் தலைமுடி மாதிரி கோடு ஓடியிருக்கும். பார்க்க ஒன்றும் ஆகாத மாதிரி இருந்தாலும் அடுத்த நாள் ஸ்ட்ரிங்கை இழுக்கும்போதுதான் லிம்ப் வாய் பிளக்கும், முகத்துக்கு ஓரடி தள்ளி. எடை குறைந்த அம்பு என்பது டிரை ஃபயரை நோக்கி ஒரு படி, அவ்வளவுதான்.

இதே காரணத்தால் அம்பின் நாக்கைப் பார். அடுத்தவன் அம்பு உரசி நாக்கில் விரிசல் விட்டிருந்தால் விடுகிற நேரத்தில் நாக் பிளக்கும், அம்பு சரியாக ஏறாது, வில்லுக்கு அது டிரை ஃபயர்தான். நாக் விலை என்ன, வில் விலை என்ன!

இன்னொரு விஷயம், எடையைக் குறைக்க லைட் ஷாஃப்ட் வாங்கும்போது ஸ்பைனை, அதாவது ஷாஃப்டின் விறைப்பை, மறந்துவிடுவார்கள். 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்கவைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன். எண் பெரிதானால் அம்பு தளர்வு. தளர்வான ஷாஃப்டை 50 பவுண்டில் வைத்து அடித்தால் ரெஸ்டை (அம்பு உட்கார்கிற தாங்கி) விட்டுப் போகும்போதே வளைந்து நெளிந்து போகும், க்ரூப் சிதறும், ஓவராகத் தளர்ந்தால் ஷாஃப்டே உடையும். கார்பன் உடைந்தால் சிலும்பு சிலும்பாகப் பிரிந்து இடது கைக்குள் ஏறும், அதைப் பற்றி அப்புறம் யாராவது எழுதுங்கள்.


வேகமே_துணை:

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் கொஞ்சம் பயமுறுத்துகிறீர்கள். 5 கிரெய்ன் என்பது கம்பெனிக்காரர்கள் வழக்கு வந்துவிடுமோ என்று எழுதி வைப்பது. வில் விளம்பரத்தில் வருகிற வேகமே 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெய்ன் அம்பு வைத்து எடுப்பதுதான், அதாவது சரியாக 5. அந்த அளவுக்கு வில் தாங்குகிறது என்றால் 4.8க்கு என்ன, உடனே வெடித்துவிடுமா? எனக்குத் தெரிந்தே 4.7 போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேகம் கூடினால் லாபம்தானே. அம்பு சீக்கிரம் போய்ச் சேரும், காற்றுக்கு அதைத் தள்ள நேரம் குறைவு. இன்று காம்பவுண்டில் போட்டி எப்படி இருக்கிறது பாருங்கள், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டில் இருந்த ஐந்து தங்கத்தையும் நம் ஆட்கள் அள்ளினார்கள், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணி வருகிறது. பசங்க ஒவ்வொரு பாயின்டுக்கும் அடித்துக்கொள்கிற நேரத்தில் 340 கிரெய்ன் கனத்தைத் தூக்கிக்கொண்டு வா என்றால் எப்படி?


ஆலந்தூர்_ட்யூனிங்:

வேகமே துணை, உங்கள் கேள்வி நியாயமானது, அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

4.8இல் உடனே வெடிக்காதுதான், நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி சோதித்துப் பார்த்தது 5 வரைக்கும், அதற்குக் கீழே நடப்பதற்கு நீங்கள்தான் சோதனைக் கூடம். அதோடு 50 என்று ஸ்டிக்கரில் இருக்கிற வில் தராசில் 51, 52 காட்டுவது சகஜம், லிம்ப் போல்ட்டை ஒரு சுற்று முறுக்கினால் இன்னும் ஏறும். 4.8 என்று நினைத்துக்கொண்டு 4.6இல் அடித்துக்கொண்டிருப்பீர்கள். வில்லை முதலில் தராசில் மாட்டுங்கள்.

இப்போது காற்று விஷயம். வேகமான அம்பைக் காற்று குறைவாகத் தள்ளும் என்பது பாதி உண்மை. பக்கக் காற்று அம்பை எவ்வளவு தள்ளும் என்பது அது பறக்கிற நேரத்தை மட்டும் வைத்து இல்லை, வழியில் அது எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதை வைத்து. ஒரே தடிமனான இரண்டு அம்புகளில் எடையையும் வேகத்தையும் பெருக்கி எது பெரிதோ அது குறைவாகத் தள்ளப்படும். 22ஐ 78ஆல் பெருக்கினால் 1716. 15.5ஐ 90ஆல் பெருக்கினால் 1395. ஆக லைட் அம்புதான் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக ஓரம் போகும். கனமான அம்பு மெதுவாகப் போனாலும் பிடிவாதமாகப் போகும். சக்கரம் இல்லாத ஒலிம்பிக் ரிகர்வ் வில்லில் 70 மீட்டருக்கு ஈஸ்டன் எக்ஸ்10 மாதிரி ஒல்லியான, ஆனால் முனை கனமான கார்பன் போடுவது இதனால்தான், அவர்களுக்கு வேகம் பிடிக்காது என்றா நினைக்கிறீர்கள்?

சென்னையில் இது ரொம்ப முக்கியம். காலையில் ஏழு மணிக்குக் கொடி கூட அசையாது, ஆறு அம்பும் மஞ்சளுக்குள் கைகோர்த்து நிற்கும். மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்பியதும் அதே சைட் செட்டிங்கில் அம்பு எல்லாம் மேற்குப் பக்கம் சாயும். 80 சென்டிமீட்டர் முகத்தில் 10 வளையத்தின் விட்டமே 8 சென்டிமீட்டர்தான். போட்டிகள் மதியம் வரை இழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

வேகத்தின் லாபம் தூரம் தெரியாத ஆட்டத்தில்தான். 50 மீட்டரில் தூரத்தை 2 மீட்டர் தப்பாக மதிப்பிட்டால் 78 மீட்டர் வேக அம்பு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ போகும், 90 மீட்டர் வேக அம்பு 6. சரி, 3டியில் அந்த 2 சென்டிமீட்டருக்கு மதிப்பு உண்டு. நம் பையன் ஆடுவது டேப் வைத்து அளந்து கோடு போட்ட 50 மீட்டர். சைட்டை ஒரு தடவை செட் செய்துவிட்டால் முடிந்தது. இவ்வளவு செலவு செய்து வில்லையும் அடி வாங்க வைத்து, காற்றில் இன்னும் அதிகம் சாய்கிற அம்பு எதற்கு?

18 மீட்டர் இன்டோரில் இன்னும் சுத்தம். அங்கே காற்றே இல்லை, வேகத்துக்கு வேலையே இல்லை, கனமான தடி அம்புதான் ராஜா.


அண்ணாநகர்_அம்மா:

நான் வில் பிடிப்பவள் இல்லை, பையன் ரிகர்வ் பழகுகிறான், கூடப் போய் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருப்பவள். எடைக் கணக்கெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பெற்றோர்கள் படிப்பார்கள் என்பதால் சிலதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

சின்னப் பிள்ளைகளுக்கு எடையை விட நீளம்தான் ஆபத்து. பிள்ளை வளர்கிறது, கை நீளுகிறது, போன வருடம் சரியாக இருந்த அம்பு இந்த வருடம் முழுசாக இழுக்கும்போது ரெஸ்டை விட்டு உள்ளே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் விட்டால் அம்பு முனை வில் பிடித்த கைக்கு நேராக இருக்கும். ஷூ சின்னதாகிவிட்டது என்றால் பிள்ளை சொல்லிவிடும், அம்பு சின்னதாகிவிட்டது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பழகுகிற வயதில் ரெஸ்டுக்கு முன்னால் ஓரிரு அங்குலம் நீட்டிக்கொண்டு இருக்கிற அம்பாகவே வாங்கித் தரச் சொல்லி எங்கள் மேடம் சொல்வார்கள். அழகாக இருக்காது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் மொட்டை மாடி. இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் குடியிருப்பிலேயே ஒரு வீட்டில் மொட்டை மாடியில் தெர்மாகோல் பெட்டி வைத்துப் பையனை அடிக்க விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் துணி காய்கிறது, ஒரு பக்கம் வாட்டர் டேங்க், கைப்பிடிச் சுவர் இடுப்பளவு, அதற்கு அந்தப் பக்கம் தெரு, இட்லி மாவு வாங்கிக்கொண்டு போகிறவர்கள், ஸ்கூல் வேன். பிள்ளையின் வில் 20 பவுண்டுதானே என்கிறார்கள். 20 பவுண்டு வில்லின் அம்பு தெர்மாகோலில் நிற்காது, சுவரில் பட்டுத் திரும்பி வரும், இல்லை சுவரைத் தாண்டும். செயலாளரிடம் சொல்லி நிறுத்த வைத்தோம், இரண்டு மாதம் அந்த வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் பழக வேண்டும் என்றால் ரப்பர் பேண்டை இழுத்துப் பழகட்டும், அதுவே போதும் என்கிறார்கள். வில்லை எடுத்து அம்பில்லாமல் இழுத்து விடவும் கூடாது என்று மேலே ட்யூனிங் சார் சொன்னது இப்போதுதான் எனக்கே புரிகிறது.

அம்பு எடுக்கப் போகும்போது ஓட விடாதீர்கள். பட்ரஸில் குத்தி நிற்கிற அம்பின் பின்பக்கம் சரியாகப் பிள்ளைகளின் முக உயரத்தில் இருக்கிறது. ஒருத்தர் அம்பை உருவும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது, சட்டென்று வரும் கை அந்த வேகத்தில் அம்பின் நாக்கைக் கண்ணில் கொண்டுவந்து குத்தும்.


போரூர்_பையன்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. ட்யூனிங் அண்ணா சொன்ன மாதிரி வில்லைத் தராசில் மாட்டினோம், 51.5 காட்டியது. அப்படிப் பார்த்தால் 240 என்பது 4.66. சீனியர் அண்ணனிடம் காட்டினேன், அவர் சிரித்துவிட்டு சரி 300 வைத்துக்கொள் என்றார். 300 என்றால் 5.8 வருகிறது, அது பரவாயில்லையா? இல்லை 340லேயே இருந்துவிடட்டுமா? புது ஷாஃப்ட் வாங்காமல் பாயின்டை மட்டும் மாற்றிக் குறைக்கலாமா?

கார்பன் விரிசல் விஷயம் யாரும் எழுதவில்லை. என் அம்பில் இரண்டு, ஏற்கெனவே பட்ரஸில் நின்ற அம்பில் மோதியவை. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன.


ஆலந்தூர்_ட்யூனிங்:

300 தாராளமாகப் போடலாம், வில்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பாயின்டை மட்டும் குறைத்து 40 கிரெய்ன் எடுக்காதே. முன்பக்கம் எடை குறைந்தால் அம்பின் சமநிலை பின்னால் வரும், பறக்கும்போது நிதானம் போகும், போதாக்குறைக்கு ஷாஃப்ட் முன்னைவிட விறைப்பாக நடந்துகொள்ளும், ட்யூனிங் எல்லாம் முதலிலிருந்து. 340இல் க்ரூப் நன்றாக வருகிறது என்றால் அதையே வைத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் ஒரு நல்ல ஸ்ட்ரிங் கட்டிக்கொள்.

எடை பார்க்க ரிச்சி தெருவில் கிடைக்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும், கிராமில் இரண்டு புள்ளி வரை காட்டும். அந்த எண்ணை 15.43ஆல் பெருக்கினால் கிரெய்ன். ஒரு அம்பை மட்டும் வைத்துப் பார்க்காதே, டஜனையும் ஒவ்வொன்றாக வை. ஒன்று மட்டும் எட்டு பத்து கிரெய்ன் விலகி நிற்கும், எப்போதும் கீழே போகிற அம்பு அதுதான் என்று அப்போது தெரியும்.

அந்த இரண்டு அம்பையும் இன்று அடிக்காதே. முதலில் வெளிச்சத்தில் வைத்துச் சுற்றிப் பார். பிறகு இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, முகத்தை விட்டுத் தள்ளி வைத்து, லேசாக வளை, ஓரிரு அங்குலம் வளைந்தால் போதும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் வளைத்துப் பார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி மெல்லிய சத்தம் கேட்டாலோ கைக்கு ஏதாவது நெருடினாலோ அதோடு அதன் கதை முடிந்தது. அதை அப்படியே குப்பையில் போடாதே, இரண்டாக உடைத்துப் போடு, இல்லாவிட்டால் எவனாவது எடுத்து அடிப்பான். விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது, கார்பன் சிலும்பு தோலுக்குள் போனால் எடுப்பது சாதாரண வேலை இல்லை. பஞ்சை வைத்து இழுத்துப் பார், சிலும்பு இருந்தால் பஞ்சு மாட்டும். மோதின அம்புக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு எண்டுக்கும் உருவின பிறகு இந்த வளைத்துப் பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள்.

வெயில் காலத்தில் வில்லைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதே. மே மாதம் மூடின காருக்குள் இருக்கிற சூட்டில் லிம்ப் ஒட்டு விடும், ஸ்ட்ரிங் நீளும், அப்புறம் பீப் (ஸ்ட்ரிங்கில் குறி பார்க்கிற துளை) ஏன் திரும்பி நிற்கிறது என்று என்னிடம் வருவார்கள்.


மூன்று_விசில்:

பையா, மாநிலப் போட்டிக்கு வருகிறாய் என்றால் விசிலை மட்டும் மனதில் வைத்துக்கொள். இரண்டு சத்தம், லைனுக்கு வரலாம். ஒன்று, அடிக்க ஆரம்பிக்கலாம். மூன்று, முடிந்தது, அம்பு எடுக்கப் போகலாம். ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து அடித்தால் ஏதோ ஆபத்து, அந்த நொடியே வில்லை இறக்கி அம்பை ஸ்ட்ரிங்கிலிருந்து எடுத்துவிடு, ஃபுல் ட்ராவில் இருந்தாலும் சரி, பத்து அடிக்கப் போகிற அம்பாக இருந்தாலும் சரி. நாய் குறுக்கே வரும், பந்து பொறுக்க ஒரு பையன் ஓடி வருவான், நம் ஊரில் இரண்டுமே நடக்கும். லைனில் நிற்காத நேரத்தில் அம்பு இல்லாமல் கூட வில்லை இழுக்காதே, ஸ்ட்ரெட்ச் செய்கிறேன் என்று பின்னால் நின்று இழுக்கிறவர்களைத்தான் முதலில் கூப்பிடுவோம்.

அம்பு கை தவறி முன்னால் விழுந்தால் குனிந்து லைனைத் தாண்டிப் போகாதே. 3 மீட்டர் கோட்டுக்குள் கிடந்தால் அது அடிக்காத அம்பாகவே கணக்கு, வேறு அம்பு எடுத்து அடிக்கலாம். பட்ரஸில் பட்டு அம்பு திரும்பி விழுந்தாலும் பதறாதே, லைனிலேயே நின்று நடுவரைக் கூப்பிடு. முன்பு விழுந்த ஓட்டைகளையெல்லாம் குறி போட்டு வைத்திருந்தால், குறியில்லாத ஓட்டையை வைத்து உன் பாயின்டைத் தருவோம். அதனால் அம்பு உருவும்போது ஓட்டைக்குக் குறி போடாமல் அரட்டை அடிக்காதீர்கள்.

அம்பில் பெயர் எழுதிவிட்டாயா?


போரூர்_பையன்:

இன்னும் இல்லை சார். இரண்டு அம்பையும் வளைத்துப் பார்த்தேன், ஒன்றில் நாக்குக்குப் பக்கத்தில் சத்தம் வந்தது, உடைத்துப் போட்டுவிட்டேன். மிச்சம் பதினொன்றுக்கு இன்று ராத்திரி எழுதுகிறேன். வெள்ளை மார்க்கர் எங்கே கிடைக்கும்? கறுப்பு ஷாஃப்டில் என் மார்க்கர் தெரியவே இல்லை.


வேகமே_துணை:

பாரிமுனையில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் பெயின்ட் மார்க்கர் என்று கேள், வெள்ளை, வெள்ளி இரண்டுமே இருக்கும். எழுதி முடித்ததும் அரை மணி நேரம் காயவிடு, இல்லாவிட்டால் குவிவருக்குள் (அம்புக்கூடு) போட்டதும் அழிந்துவிடும். என் வில்லையும் நேற்றுத் தராசில் மாட்டினேன், அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.